ட்ரைவர் அப்டேட்டுக்குப் பின் வைஃபை போனால்: விண்டோஸ் 11-இல் உள்ள பழுதுநீக்கக் கருவிகள் எவ்வளவு உதவும்?

திருப்பூரில் சில பனியன் நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஜிஎஸ்டி வரிக்கான ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தை மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு 20-ஆம் தேதி கடைசி நாள் என்பதால், 19-ஆம் தேதி இரவு எங்கள் வீட்டில் எல்லோரும் படுத்த பிறகும் என் மேசை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட ஒரு 19-ஆம் தேதி மாலையில், மடிக்கணினியோடு அதன் நிறுவனமே நிறுவிக் கொடுத்திருந்த அப்டேட் மென்பொருள் "முக்கியமான வைஃபை ட்ரைவர்" ஒன்று வந்திருப்பதாகச் சொன்னது. ட்ரைவர் என்பது கணினியின் ஒரு பாகத்தை இயக்க விண்டோஸுக்கு உதவும் சிறு மென்பொருள். நானும் யோசிக்காமல் சரி என்று அழுத்திவிட்டேன். கணினி ஒருமுறை அணைந்து எழுந்தபோது, கீழே வலது மூலையில் வைஃபை வளைவுகள் இருக்க வேண்டிய இடத்தில் தடைக்குறி போட்ட உலக உருண்டை ஒன்று நின்றது. அதைத் தொட்டால் திறக்கும் பலகையில் ப்ளூடூத் இருந்தது, ஏர்ப்ளேன் மோட் இருந்தது, வைஃபை என்ற பொத்தானே இல்லை.

கணக்கு எழுத நெட் வேண்டியதில்லை. தாக்கல் செய்யத்தான் வேண்டும். ஒரு நாள் தவறினால் ஒரு படிவத்துக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் என்பது பெரிய தொகையாகத் தெரியாது. ஆனால் செலுத்த வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வீதத்தில் வட்டியும் அதோடு சேரும்போது, கட்சிக்காரரிடம் போய் "என் கம்ப்யூட்டரில் வைஃபை வரவில்லை" என்று சொல்ல எந்தக் கணக்காளருக்கும் வாய் வராது. அந்த இரவிலும் அதற்கு முன்னும் பின்னும் எங்கள் அலுவலகக் கணினிகளிலும் விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் பழுதுநீக்கக் கருவிகள் அநேகமாக எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். எது எந்த நோய்க்கு உதவும், எது உதவாது, எதைத் தொடாமல் இருப்பது நல்லது என்பதை ஒரு பயனாளராக இங்கே மதிப்பிடுகிறேன். நான் பொறியாளர் அல்லள்; எனக்குக் கற்றுக்கொடுத்தவன் பெங்களூருவில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன்.

எந்தக் கருவியைத் திறப்பதற்கு முன்பும் கைபேசியை எடுத்து, அதே வைஃபையில் ஏதேனும் ஒரு பக்கம் திறக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. திறந்தால் ரவுட்டரும் கேபிள்காரரும் குற்றவாளிகள் அல்லர். அதன் பிறகு கணினியில் பார்க்க வேண்டியவை மூன்று. வைஃபை கார்டும் அதை இயக்கும் ட்ரைவரும் உயிரோடு இருக்கின்றனவா. இருந்தால், நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியை ரவுட்டரிடமிருந்து வாங்கியிருக்கிறதா. வாங்கியிருந்தால், இணையதளப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் வேலை செய்கிறதா. இந்த மூன்றில் எந்தப் படியில் அறுந்திருக்கிறது என்று தெரியாமல் கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்திக்கொண்டே போவதுதான் பலரும் செய்வது. என்னுடைய மதிப்பீடு முழுவதும் இந்தப் படிகளை வைத்தே அமைந்திருக்கிறது, ஏனெனில் இரண்டாம் படிக்கான நல்ல கருவி முதல் படியில் வெறும் காட்சிப் பொருளாகவே நிற்கும்.

எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது நெட்வொர்க் ட்ரபிள்ஷூட்டர். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ட்ரபிள்ஷூட் என்று போனால் கிடைக்கும். பணிப்பட்டையில் உள்ள உருண்டையின் மீது வலது கிளிக் செய்தும் திறக்கலாம். பழைய வடிவக் கருவிகளை மைக்ரோசாஃப்ட் படிப்படியாக விலக்கி, அந்த வேலையை கெட் ஹெல்ப் என்ற செயலிக்கு மாற்றி வருவதால், உங்கள் கணினியில் திறக்கும் சாளரம் நீங்கள் பழகியதைவிட வேறாக இருக்கலாம். கருவி செய்யும் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை: கார்டை அணைத்து மீண்டும் இயக்கும், ஐபி முகவரியைப் புதிதாகக் கேட்டு வாங்கும், டிஎன்எஸ் பதில் சொல்கிறதா என்று பார்க்கும். இரண்டாம் படியிலும் மூன்றாம் படியிலும் அறுந்த இணைப்பை இது சரிசெய்ததை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். ட்ரைவரே எழுந்திருக்காத நிலையில், அணைத்துப் போட அதற்கு ஒரு கார்டு கிடைப்பதில்லை. எனவே அந்த இரவில் நான் இதற்குக் கொடுத்தது இரண்டு நிமிடம். நீங்களும் அதற்கு மேல் கொடுக்க வேண்டாம்.

உண்மையான வேலை தொடங்குவது டிவைஸ் மேனேஜரில். விண்டோஸ் பொத்தானையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் இது இருக்கிறது. விண்டோஸ் 95 காலத்திலிருந்து ஏறக்குறைய அதே முகத்தோடு இருக்கும் இந்தச் சாளரத்தைப் பார்த்தால் அரசு அலுவலகத்து இரும்பு அலமாரி நினைவுக்கு வரும். அழகு இல்லை, ஆனால் கேட்ட கோப்பு அதில் இருக்கும். நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற வரியை விரித்தபோது, என் வைஃபை கார்டின் பெயர் மீது மஞ்சள் முக்கோணம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதை இருமுறை தட்டினால் வரும் பெட்டியில், சாதனத்தின் நிலை என்ற கட்டத்துக்குள், இந்தச் சாதனம் தொடங்க முடியவில்லை என்ற வாக்கியமும் அதன் பக்கத்தில் கோடு (Code) 10 என்ற பிழை எண்ணும் இருந்தன.

இந்த எண்ணைத்தான் பலரும் பார்க்காமல் விடுகிறார்கள். 10 என்றால் ட்ரைவர் ஏற்றப்பட்டிருக்கிறது, ஆனால் சாதனத்தை எழுப்ப முடியவில்லை என்று பொருள். 22 என்றால் யாரோ அதை டிஸேபிள் செய்து வைத்திருக்கிறார்கள். வலது கிளிக் செய்து எனேபிள் கொடுத்தால் முடிந்தது. 28 என்றால் ட்ரைவரே நிறுவப்படவில்லை. 43 என்றால் சாதனம் தனக்கு ஏதோ சிக்கல் என்று சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. 52 என்றால் ட்ரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை. கார்டின் பெயரே பட்டியலில் இல்லையென்றால், மேலே வியூ என்பதில் மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். அங்கும் இல்லையென்றால், விண்டோஸுக்கு முன்பே எழும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளின் அமைப்பையோ கார்டையோதான் சந்தேகிக்க வேண்டும், ட்ரைவரை அல்ல. மருத்துவரிடம் போகும்போது ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கொண்டுபோவது போல, யாரிடம் உதவி கேட்டாலும் இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பாதிப் பேச்சு மிச்சமாகும்.

கோடு 10-ஐப் பார்த்ததும் ட்ரைவரைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: கணினியை உண்மையாகவே அணைப்பது. ஷட் டவுன் கொடுத்தால் அணைந்துவிடுகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். விண்டோஸ் 8 காலத்தில் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஏற்பாடு இயங்கிக்கொண்டிருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் தன் மையப் பகுதியையும் ட்ரைவர்களின் நிலையையும் வட்டில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அங்கிருந்தே எழுந்துகொள்கிறது. ஷிஃப்ட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஷட் டவுன் கொடுத்தால் முழுமையாக அணையும். ரீஸ்டார்ட் கொடுத்தாலும் ட்ரைவர்கள் புதிதாகவே ஏற்றப்படும். ரீஸ்டார்ட்டில் கார்டுக்குப் போகும் மின்சாரம் அறுபடாமல் இருக்கக்கூடும் என்பதால், முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பிறகு போடுவது கூடுதல் பலன் தரும். சிக்கிக்கொண்ட வைஃபை கார்டு இதனாலேயே எழுந்துகொள்வது அரிதன்று. என்னுடையது எழவில்லை.

இனி வருவது ரோல் பேக் டிரைவர். கார்டின் பெட்டியில் டிரைவர் என்ற தாவலில் இருக்கும் இந்தப் பொத்தான், புதிய ட்ரைவரை விலக்கி அதற்கு முன் இருந்ததைத் திரும்பக் கொண்டுவருகிறது. அழுத்தினால் விண்டோஸ் ஏன் திரும்பிப் போகிறீர்கள் என்று கேட்டுச் சில காரணங்களைக் காட்டும். ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் யெஸ் பொத்தான் உயிர்பெறாது. நெட் இல்லாமல் தவிக்கிறவரிடம் காரணம் கேட்பது, மழையில் நனைந்து வந்தவரை வாசலிலேயே நிறுத்தி விலாசம் விசாரிப்பது போல இருக்கிறது என்றாலும், எதைத் தேர்ந்தெடுத்தாலும் வேலை நடந்துவிடும். ட்ரைவர் அப்டேட்டால் வந்த கோளாறுக்கு விண்டோஸில் இதைவிடப் பாதுகாப்பான, நேரடியான மருந்து கிடையாது. வைஃபை கடவுச்சொல், ஐபி அமைப்பு, வெளியிலிருந்து ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாகப் போக உதவும் விபிஎன் எதையும் இது தொடுவதில்லை.

ஆனால் என் திரையில் அந்தப் பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. புதிய ட்ரைவரை முந்தையதன் மேல் ஏற்றினால்தான் விண்டோஸுக்குத் திரும்பிப் போகும் வழி நினைவிருக்கும். பழையதை முதலில் அன்இன்ஸ்டால் செய்துவிட்டுப் பிறகு புதியதைப் போட்டால், "முந்தையது" என்று ஒன்று இருந்ததே அதற்கு மறந்துபோகிறது. நிறுவனங்களின் அப்டேட் மென்பொருள்கள் சில இப்படித்தான் நடந்துகொள்கின்றன. மணி ஒன்பதரை இருக்கும். பக்கத்துத் தெருவில் கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்று மூடும் நேரத்தில் இருந்ததால் போன் செய்து கேட்டேன். "ஏனுங் மேடம், ட்ரைவர் புடிச்சுக்கிச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாதுங்க, ஃபார்மேட் போட்டுறலாங்க. காலைல கொண்டாந்து குடுங்க, சாயங்காலம் வாங்கிக்கலாங்க" என்றார். ஃபார்மேட் போட்டால் வைஃபை வந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எலி புகுந்த வீட்டை இடித்துக் கட்டினாலும் எலி போய்விடும்.

பிறகு அண்ணன் மகனை அழைத்தேன். "அத்தை, ரோல் பேக் மங்கலா இருந்தா விட்டுடாதீங்க. அதுக்கு மேலயே அப்டேட் டிரைவர்னு ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்துங்க. ஆனா ஆன்லைன்ல தேடச் சொல்லாதீங்க" என்றான். இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டியதே அவன் காட்டிய அந்த வழிதான். அப்டேட் டிரைவர் என்று அழுத்தினால் இரண்டு தெரிவுகள் வரும். முதலாவது தானாகத் தேடுவது. இரண்டாவது என் கணினியில் தேடு என்பது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் வரும் பக்கத்தின் கீழ்ப்பகுதியில், கணினியில் ஏற்கெனவே இருக்கும் ட்ரைவர்களின் பட்டியலிலிருந்து நானே எடுத்துக்கொள்கிறேன் என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. அதைத் தட்டியதும், என் கார்டுக்குப் பொருந்தக்கூடிய ட்ரைவர்கள் மூன்று, பதிப்பு எண்ணோடு வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்று சற்று முன் என் வைஃபையைக் கொன்றது. மற்றொன்று நேற்றுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

அது எப்படி அங்கே இருந்தது என்றால், விண்டோஸ் நிறுவும் ஒவ்வொரு ட்ரைவரின் பிரதியையும் டிரைவர்ஸ்டோர் என்ற கோப்புறையில், சிஸ்டம்32-க்குள், தனியே வைத்துக்கொள்கிறது. அன்இன்ஸ்டால் செய்யும்போது அந்தப் பிரதியையும் அழிக்கச் சொன்னால் ஒழிய, அது அங்கேயே கிடக்கும். ரோல் பேக் பொத்தான் கைவிரிப்பதால் பழைய ட்ரைவர் போய்விட்டது என்று பொருளில்லை. போகும் பாதையின் குறிப்பு மட்டுமே தொலைந்திருக்கிறது. பட்டியலில் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுத்தேன். திரை ஒரு கணம் மினுங்கியது. மஞ்சள் முக்கோணம் மறைந்தது. கீழே வைஃபை வளைவுகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. நாற்பது விநாடிகூட ஆகவில்லை. இத்தனை அருமையான வசதியை "அப்டேட்" என்ற பெயருள்ள பொத்தானுக்குள், அதுவும் பழையதற்குத் திரும்ப வேண்டியவர் ஒருபோதும் அழுத்தத் துணியாத பொத்தானுக்குள், நான்கு கிளிக் ஆழத்தில் ஏன் வைத்தார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. வசதிக்கு முழு மதிப்பெண் தருகிறேன். அதை வைத்திருக்கும் இடத்துக்குப் பத்துக்கு இரண்டு.

பட்டியலில் இருக்கும் தேதிகளைப் பற்றி ஒரு சொல். புதிய தேதி என்றால் நல்ல ட்ரைவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டிவைஸ் மேனேஜரில் மற்றச் சாதனங்களைத் திறந்து பார்த்தால், சிலவற்றில் 2006 ஜூன் 21 என்ற தேதி இருப்பதைக் கண்டு, இத்தனை பழைய ட்ரைவரா என்று பதறிப்போகிறவர்கள் உண்டு. பொருத்தம் சமமாக இருக்கும் இரண்டு ட்ரைவர்களில் எதை எடுப்பது என்பதை விண்டோஸ் தேதியைப் பார்த்தே முடிவு செய்கிறது. தயாரிப்பு நிறுவனம் தரும் ட்ரைவரே எப்போதும் முந்த வேண்டும் என்பதற்காக, விண்டோஸோடு வரும் சொந்த ட்ரைவர்கள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே அந்தப் பழைய தேதியைப் பொறித்திருக்கிறது. கலியாண வீட்டில் சொந்தக்காரர்கள் தாமே கடைசிப் பந்தியில் உட்காருவதைப் போன்ற மரியாதைதான் அது.

தேதி முந்தும் இந்த விதியைப் புரிந்துகொண்டால், நெட்வொர்க் ரீசெட் என்ற கருவியை ட்ரைவர் கோளாறுக்கு ஏன் நம்பக் கூடாது என்பதும் புரியும். 2016-இல் விண்டோஸ் 10-இன் ஒரு பெரிய அப்டேட்டோடு வந்த இந்தக் கருவி, செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியின் அடியில், அட்வான்ஸ்டு அமைப்புகளுக்குள் இருக்கிறது. ஒரே பொத்தான், அழுத்தினால் ஐந்து நிமிடத்தில் கணினி அணைந்து எழும் என்று அறிவிக்கும். அது எல்லா நெட்வொர்க் அடாப்டர்களையும் கழற்றி எறிந்து, மீண்டும் நிறுவி, நெட்வொர்க் அமைப்புகளைப் பிறந்த நாள் நிலைக்குக் கொண்டுபோகிறது. அப்படி மீண்டும் நிறுவும்போது எந்த ட்ரைவரை எடுக்கும்? டிரைவர்ஸ்டோரில் மேலே நிற்கும் அதே புதிய, அதே கெட்ட ட்ரைவரைத்தான்.

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில மாதங்களுக்கு முன் என் உதவியாளரின் கணினியில் இதே போன்றதொரு ட்ரைவர் கோளாறு வந்தபோது, அவசரத்தில் நானே நெட்வொர்க் ரீசெட் கொடுத்தேன். வைஃபை வரவில்லை. அதற்குப் பதிலாக, சேமித்து வைத்திருந்த வைஃபை கடவுச்சொற்கள் போயின. ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் சர்வருக்குப் போக அவர்களுடைய ஆள் வந்து அமைத்துத் தந்திருந்த விபிஎன் போயிற்று. கணக்கு மென்பொருளின் தரவு இருக்கும் மற்றொரு கணினியோடு பேசுவதற்காகக் கொடுத்திருந்த நிலையான ஐபி முகவரி போயிற்று. எழுந்த பின் அலுவலக நெட்வொர்க்கைப் பொது நெட்வொர்க் என்று எண்ணிக்கொண்டு பிரிண்டரைப் பகிர மறுத்தது. ஒரு கோளாறோடு உட்கார்ந்தவர்கள் ஐந்து கோளாறுகளோடு எழுந்தோம். தவறு என்னுடையது, கருவி தான் செய்வதாகச் சொன்னதைத்தான் செய்தது. பல விபிஎன் மென்பொருள்களையும் மென்பொருளாலேயே ஆன விர்ச்சுவல் ஸ்விட்சுகளையும் போட்டு எடுத்ததில் நெட்வொர்க் அமைப்பு சிக்கலாகிப்போன கணினிக்கு இது நல்ல கருவி. நிலையான ஐபியும் விபிஎன்னும் இருக்கும் சிறு அலுவலகத்தில், அவற்றின் எண்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளாமல் இதைத் தொடவே கூடாது.

கறுப்புத் திரையில் தட்டும் கட்டளைகளுக்கு வருகிறேன். விண்டோஸின் நெட்வொர்க் அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் வின்சாக் ரீசெட், ஐபி ரீசெட், சேமித்து வைத்த இணையதள முகவரிகளை அழிக்கும் டிஎன்எஸ் ஃப்ளஷ் என்ற மூன்றையும் எந்த நெட்வொர்க் கோளாறுக்கும் மந்திரம் போல ஓதச் சொல்லும் வழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. ஐபிகான்ஃபிக் என்று தட்டியதும் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தனக்குத்தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள்; அப்போது முகவரியை விட்டுவிட்டுப் புதிதாகக் கேட்கும் கட்டளையும், தேவைப்பட்டால் ஐபி ரீசெட்டும் பயன்படும். கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கு பிங் என்ற சோதனைச் செய்தி அனுப்பினால் பதில் வருகிறது, ஆனால் எந்த இணையதளமும் பெயரைக் கொடுத்தால் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் பக்கம் பார்க்கலாம். மஞ்சள் முக்கோணம் போட்ட கார்டுக்கு இந்த மூன்றும் செய்வது ஒன்றுமில்லை.

அதே கறுப்புத் திரையில் அதிகம் பேசப்படாத இரண்டு கட்டளைகள்தான் என் மதிப்பில் உயர்ந்தவை. முதலாவது, நெட்எஸ்எச் கட்டளையின் டபிள்யூலேன் பிரிவில் உள்ள வைஃபை அறிக்கை. கடந்த மூன்று நாள்களில் கணினி எப்போது வைஃபையில் சேர்ந்தது, எப்போது விலகியது, என்ன காரணத்தால் விலகியது என்பதை வரைபடத்தோடு ஓர் இணையப் பக்கமாக இது எழுதித் தருகிறது. முக்கோணமும் இல்லை, பிழை எண்ணும் இல்லை, ஆனால் ட்ரைவர் மாறிய நாளிலிருந்து அடிக்கடி இணைப்பு அறுகிறது என்ற வகைக் கோளாறுக்கு இதுவே சாட்சி. நிட்டிங் நிறுவனம் ஒன்றின் கணக்கறையில் இப்படி அறுந்துகொண்டிருந்தபோது, எல்லோரும் ரவுட்டரை மாற்றலாம் என்றார்கள். அறிக்கையைப் பார்த்தால், கணினியை யாரும் தொடாமல் விட்டிருந்த நேரங்களின் முடிவில்தான் ஒவ்வொரு முறையும் இணைப்பு போயிருந்தது. கார்டின் பெட்டியில் பவர் மேனேஜ்மென்ட் என்ற தாவலுக்குப் போனால், மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கக் கணினிக்கு அனுமதி என்ற கட்டத்தில் டிக் விழுந்திருந்தது. புதிய ட்ரைவர் வரும்போது இத்தகைய அமைப்புகள் அதன் இயல்பு நிலைக்குத் திரும்பிவிடுவதுண்டு. டிக்கை எடுத்தோம், நின்றது. ரவுட்டர் பிழைத்தது. சில மடிக்கணினிகளில் இந்தத் தாவலே இராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது பிஎன்பியூடில். பெயரைத் தட்டி ஒரு சாய்கோடும் கேள்விக்குறியும் போட்டால், தான் செய்யக்கூடிய வேலைகளையெல்லாம் அதுவே பட்டியலிட்டுக் காட்டும். வெளியிலிருந்து வந்து நிறுவப்பட்ட ட்ரைவர்களை வரிசைப்படுத்தும். கெட்டதென்று தெரிந்த ஒன்றை டிரைவர்ஸ்டோரிலிருந்தே அகற்றும். எல்லாவற்றையும் நாம் சொல்லும் கோப்புறைக்கு நகல் எடுத்துக் கொடுக்கும். இந்தக் கடைசி வேலைக்காகவே இதைப் போற்றலாம். நெட் இல்லாதபோது ட்ரைவரைத் தரவிறக்க நெட் வேண்டும் என்ற முடிச்சை, நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நாளில் எடுத்து வைத்த இந்த நகல் அவிழ்த்துவிடுகிறது. நிர்வாகி உரிமையோடு திறந்த சாளரத்தில் இதை இயக்குவதே நல்லது. அகற்றும் கட்டளையைத் தட்டும்போது கோப்பின் எண்ணை இருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பட்டியலில் ட்ரைவர்கள் ஓஇஎம் என்ற சொல்லும் ஓர் எண்ணும் சேர்ந்த பெயரில் அடுத்தடுத்து நிற்கும். ஓர் எண் தவறினால் போவது பிரிண்டரின் ட்ரைவராக இருக்கும்.

நகலும் இல்லை, டிரைவர்ஸ்டோரிலும் பழையது இல்லை என்றால் கைபேசிதான் கைகொடுக்கும். ஆண்ட்ராய்டு கைபேசியை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, அதன் அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால், கணினிக்கு அது ஒரு கம்பி நெட்வொர்க் கார்டாகத் தோன்றும். அதற்கு வேண்டிய ட்ரைவர் விண்டோஸிலேயே இருப்பதால் எதையும் நிறுவ வேண்டியதில்லை. கைபேசி வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையையே கேபிள் வழியாகக் கணினிக்குக் கடத்தும் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. மொபைல் டேட்டா செலவாகாது. கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு வகையாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஐஃபோனாக இருந்தால் ஆப்பிளின் ட்ரைவர் கணினியில் முன்பே இருக்க வேண்டும் என்பதால், அவசரத்துக்கு ஆண்ட்ராய்டே சுலபம். ஹாட்ஸ்பாட்டை நினைத்துப் பார்க்கவே வேண்டாம், அதைப் பிடிக்கவும் வைஃபை கார்டு வேண்டும்.

கடையில் கிடைக்கும் சிறிய யூஎஸ்பி வைஃபை அடாப்டர்களும் இதே வேலையைச் செய்யும். வாங்கும்போது செருகியவுடன் வேலை செய்யுமா என்று கடையிலேயே செருகிப் பார்த்து வாங்குங்கள். சிலவற்றோடு ட்ரைவரை ஒரு குறுந்தகட்டில் போட்டுத் தருகிறார்கள். குறுந்தகடு போடும் வாய் உள்ள மடிக்கணினியை நான் பார்த்தே பல ஆண்டுகள் ஆகின்றன. சிஸ்டம் ரெஸ்டோர் ட்ரைவரையும் சேர்த்து முந்தைய நாளுக்குக் கொண்டுபோகும் நல்ல கருவிதான். பல கணினிகளில் அது அணைத்தே வைக்கப்பட்டிருப்பதால், வேண்டும் நேரத்தில் திறந்தால் திரும்பிப் போக ஒரு புள்ளியும் இருக்காது. இன்றே திறந்து இயக்கி வைக்கலாம்.

பழைய ட்ரைவரைத் திரும்பப் போட்டதோடு வேலை முடியவில்லை. மறுநாள் காலையில் அதே அப்டேட் மென்பொருள் அதே ட்ரைவரை மீண்டும் நீட்டியது. அதன் அமைப்புகளுக்குள் போய்த் தானாக நிறுவும் வசதியை அணைத்தேன். விண்டோஸ் அப்டேட்டிலிருந்து வந்த ட்ரைவராக இருந்தால், அப்டேட்டை நிறுத்தி வைக்கும் வசதி விண்டோஸ் 11-இல் ஐந்து வாரம்வரை கிடைக்கிறது. ஆனால் அது பாதுகாப்பு அப்டேட்டுகளையும் சேர்த்தே நிறுத்தும் என்பதால் எனக்கு அதில் முழு மனம் இல்லை. ஒரு ட்ரைவரை மட்டும் வேண்டாம் என்று சொல்லி ஒதுக்கும் எளிய பொத்தான் ஒன்றை செட்டிங்ஸில் வைத்திருந்தால், இந்தக் கருவிப் பெட்டியில் நான் சொல்லும் பெரிய குறை தீர்ந்துபோகும்.

அன்று இரவு பத்தரைக்கு முன் எல்லாப் படிவங்களும் போய்ச் சேர்ந்தன. ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து அந்த ட்ரைவருக்கு அடுத்த பதிப்பு வந்தது. இம்முறை மாதத்தின் 22-ஆம் தேதிவரை காத்திருந்து, ட்ரைவர்கள் அனைத்தையும் பென்டிரைவுக்கு நகல் எடுத்து, நிறுவனத்தின் மென்பொருள் வழியாக அல்லாமல் டிவைஸ் மேனேஜரிலேயே புதியதைப் பழையதன் மேல் ஏற்றினேன். வைஃபை அறுபடவில்லை. டிரைவர் தாவலைத் திறந்து பார்த்தேன். ரோல் பேக் பொத்தான் கறுத்த எழுத்தில், அழுத்தத் தயாராக இருந்தது.